ஓரிக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்?

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி முனகும்... கூடவே நம் வயிறும்! ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தால், செம்மேட்டில் ஒரு சிலை. அவன்தான் வல்வில் ஓரி. இந்த மலையை ஆண்டவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். வருஷா வருஷம் ஆடி மாதத்தில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது.

ஓரியின் வில்லைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் ஒரு காட்சி காட்டுகிறார். யானை, புலி, மான், காட்டுப்பன்றி, கடைசியாகப் புற்றில் இருந்த உடும்பு. ஐந்தையும் வீழ்த்தியது ஒரே அம்பு! கொஞ்சம் தாராளமாகவே புகழ்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், ஆள் லேசுப்பட்டவன் இல்லை என்பது புரிகிறது.

அப்படிப்பட்ட வில்லாளி கடைசியில் போரில் செத்துப்போனான். கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. ஓரியைக் கொன்ற காரி, அவனுடைய ஊர்த் தெருவில் நுழைந்தபோது எழுந்த கூச்சலைக் கபிலர் நற்றிணையில் பதிவு செய்திருக்கிறார்.

எங்கே தப்பு நடந்தது? இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

அங்கே கால்பந்து என்றால் பெரும்பாலும் கையால் எறிகிற ஆட்டம்! எறிகிற நாயகனுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். பந்தைக் கையில் வாங்கி, தூரத்தில் ஓடும் தன் ஆள் எங்கே என்று அவன் தேடுகிற அந்தச் சில விநாடிகள்தான் ஆபத்தானவை. எதிரணி மலைமாடுகள் போல அவன்மேல் பாயும். தடுக்க, முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். அவர்களுக்கு லைன்மேன் என்று பெயர். (நம் ஊர் லைன்மேன் மின்கம்பத்தில் ஏறுவார், இவர்கள் முட்டுக்கொடுத்து நிற்பார்கள்!) இந்த ஐவரும் பந்தை ஏந்தி ஓடுவதே அபூர்வம். கைதட்டலும் கிடைக்காது.

1985 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் நடந்த ஆட்டத்தில் அந்தச் சுவர் உடைந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்ததில், வாஷிங்டன் நாயகன் ஜோ தைஸ்மனின் வலது கால் முறிந்தது. அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை.

சுவர் ஏன் உடைகிறது? ஆட்கள் பலவீனம் என்பது ஒரு காரணம்தான். எதிரணியில் இருவர் திடீரெனக் குறுக்கே பாய்ந்து இடம் மாறுவார்கள். அப்போது தன் எதிரியைப் பக்கத்தில் இருப்பவனிடம் ஒப்படைத்துவிட்டு, புதிதாக வருகிறவனை மறிக்க வேண்டும். 'அவன் பார்த்துக்கொள்வான்' என்று இவனும், 'இவன் பார்த்துக்கொள்வான்' என்று அவனும் நினைத்தால் முடிந்தது. நடுவில் ஒரு சந்து. அது போதும்!

இந்த விஷயம் நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது. அரசனை எதிரிகள் மொய்த்துக்கொள்ளும்போது, வேறு முனையில் போரிடும் ஒரு வீரன் அதை விட்டுவிட்டு ஓடிவந்து காப்பதற்குத் தொல்காப்பியம் ஒரு பெயரே வைத்திருக்கிறது... 'தார்நிலை'.

வில் என்பது தூரத்து ஆயுதம். எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் நாணை இழுக்க நேரமேது? எனவே வில்லாளிக்கும் ஒரு வரிசை தேவை. ஓரியின் வரிசையில் விழுந்த சந்தைப் போர்க்களத்தில் தேடாதீர்கள். தமிழகத்தின் வரைபடத்தில் தேடுங்கள்.

சுற்றிலும் சேர, சோழ, பாண்டியர். நடுவே தகடூரில் (இன்றைய தர்மபுரி) அதியமான், கொல்லியில் ஓரி, பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவிலூரில் காரி. மூவரும் கடையெழு வள்ளல்கள். தோள் சேர்த்து நின்றிருந்தால் மூவேந்தரும் யோசித்துத்தான் உள்ளே கால் வைத்திருப்பார்கள். நடந்தது என்ன? சங்கப் பாடல்களை அடுக்கிப் பார்த்து ஆய்வாளர்கள் சொல்கிற வரிசை இது.

முதலில் அதியமான், காரியின் கோவலூர்மீது பாய்ந்து வென்றான். அடிபட்ட காரி, சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் போனான். காரி சாமானியன் இல்லை. ஜெயித்த அரசன் 'இவனால்தான் ஜெயித்தேன்' என்பானாம். தோற்றவன் 'இவன் மட்டும் வராதிருந்தால் ஜெயித்திருப்பேன்' என்பானாம். புறநானூறு அப்படிப் புகழ்கிறது. அப்பேர்ப்பட்டவன் தானாக வந்து கையில் விழுந்தால் சேரன் விடுவானா? சேரனுக்குக் கொல்லிமலை வேண்டும். காரி போனான், ஓரியைக் கொன்றான், மலையைச் சேரனிடம் ஒப்படைத்தான். அகநானூற்றில் கல்லாடனார் இதைச் சொல்கிறார்.

அடுத்தது யார்? ஆரம்பித்து வைத்த அதியமானேதான்! பக்கத்துச் சுவர் இடிந்த பிறகுதான் அவன் பதறியிருக்க வேண்டும். இரு பெருவேந்தர்களின் துணையோடு சேரனை எதிர்த்தான். கொல்லியிலேயே நடந்த போரில் அவர்கள் எல்லோரையும் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து சொல்கிறது. பாடியவர் அரிசில்கிழார். பிறகு தகடூரும் விழுந்தது. சேரனுக்குப் பட்டப்பெயரே 'தகடூர் எறிந்த' என்று ஆனது.

சரி, காரியின் வம்சமாவது நன்றாக இருந்ததா? மலையமான் ஒருவனின் குழந்தைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் துணிந்ததையும், கோவூர்கிழார் குறுக்கே நின்று கெஞ்சியதையும் புறநானூறு சொல்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தார்நிலையாக வந்து நின்றவர் ஒரு புலவர்தான்.

ஆக, இந்தச் சுவரை வெளியே இருந்து யாரும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. செங்கற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சேரன் வந்து பொறுக்கிக்கொண்டான்!

பள்ளிக்கூடத்தில் ஏழு வள்ளல்களின் பெயரையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர், ஔவைக்கு நெல்லிக்கனி... ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர்கள்தான். அடுத்த மலைக்காரனுக்குத் தோள் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. அந்த ஏழு பேரும் ஒரே வரிசையில் நின்றது நம் பாடப்புத்தகத்தில் மட்டும்தான்.

அடுத்த முறை 70 வளைவுகளையும் தாண்டிச் செம்மேட்டுக்குப் போனால், ஓரியின் வில்லைப் பார்த்து வியந்த கையோடு, அவனுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரு தடவை பாருங்கள். அங்கே நின்றிருக்க வேண்டியவர்கள் யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.