செலவழுங்கிய கணக்கதிகாரி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்தாண்டுகளுக்கு முன் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது சென்னையில் மென்பொருள் பணியில் இருக்கிறார். அவருடைய நிறுவனம் மூன்றாண்டுக் காலம் ஜெர்மனியில் பணியாற்ற அவரை அனுப்ப முன்வந்திருக்கிறது. அதே வாரத்தில் சென்னையிலேயே வேறொரு சிறிய நிறுவனம், ஊதியம் சற்றுக் குறைவாக, ஆனால் அவர் நெடுநாளாக விரும்பிய துறையில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. "கடல் தாண்டுறதா, வேலை மாறுறதா? நீங்கதான் ஐயா சொல்லணும்" என்றார்.

"போயிட்டு வாப்பா, வாய்ப்பு திரும்பத் திரும்ப வராது" என்று நம் வாய் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டினார், முகம் தெளியவில்லை. அவர் விடைபெற்ற பிறகு அந்தப் பதில் நம்மையே உறுத்தத் தொடங்கியது. அது சிந்தித்துச் சொன்ன பதிலன்று. பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இதே முடிச்சை நூறாண்டுகளுக்கு முன் அவிழ்க்க வேண்டியிருந்த ஒருவரின் வரலாறு அன்றிரவு நினைவுக்கு வந்தது. அதை இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அவர் திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன். நோபல் பரிசு பெற்ற அறிவியலாளராக அவரை அனைவரும் அறிவர். பத்தாண்டுகள் அவர் அரசாங்கக் கணக்கதிகாரியாக இருந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. அந்த வேலையை அவர் விட்ட கதைதான் நமக்கு வேண்டியது.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் இளங்கலைப் பட்டத்தில் முதலிடம் பெற்றார் ராமன். அக்காலத்தில் அத்தகைய மாணவருக்கு ஆசிரியர்கள் காட்டிய வழி இங்கிலாந்துதான். ஆனால் அவர் உடல்நிலையைச் சோதித்த சென்னை அரசு மருத்துவர், இங்கிலாந்தின் குளிரை இவ்வுடல் தாங்காது என்று சொல்லிவிட்டார். இந்தியாவிலேயே எழுதக்கூடிய நிதித்துறைத் தேர்வை எழுதி, அதிலும் முதலிடம் பெற்று, 1907இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் பதவியில் அமர்ந்தார். அப்போது வயது பதினெட்டு. அந்த ஆண்டுதான் லோகசுந்தரி அம்மையாரோடு திருமணமும் நடந்திருந்தது.

கல்கத்தாவில் ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. கருவிகள் இருந்தும் அங்கே ஆய்வு செய்வார் பெரும்பாலும் இல்லை. ராமனுக்குக் கதவு திறந்தது. அன்று முதல் அவருடைய நாள் இரண்டாகப் பிளந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆய்வுக்கூடம். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பி, அள்ளிப்போட்ட உணவோடு அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு மறுபடி ஆய்வுக்கூடம். இரவு ஒன்பதரை, பத்துக்கு வீடு. ஞாயிறு முழுவதும் ஆய்வுக்கூடம். லோகசுந்தரி அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த அன்றாடம் இது. வயலினின் அதிர்வு பற்றிய கட்டுரைகள் உட்பட ஏறத்தாழ முப்பது ஆய்வுக் கட்டுரைகள் இந்த மிச்ச நேரத்தில் பிறந்தவை.

இதற்கு நடுவே 1909இல் இடமாற்ற ஆணை வந்தது. வங்கக் கடலுக்கு அப்பால், ரங்கூன்! பர்மா அன்று பிரித்தானிய இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்தாலும் கப்பலேறித்தான் போக வேண்டும். கல்கத்தா ஆய்வுக்கூடம் கைநழுவியது. 1910இல் தந்தையார் மறைந்தார். சில மாதங்கள் விடுப்பில் சென்னைக்கு வந்த ராமன், அப்போதும் மாநிலக் கல்லூரி ஆய்வுக்கூடத்தைத்தான் தேடிப் போனார். பிறகு நாகபுரி. 1911இல்தான் மீண்டும் கல்கத்தா.

இந்த இடத்தை நாம் கவனிக்க வேண்டும். உயர்ந்த ஊதியமும் மதிப்பும் உள்ள அந்தப் பதவியின் உண்மையான விலை ரங்கூனில்தான் தெரிந்தது. எப்போது வேண்டுமானாலும் ஓர் ஆணை வரும். பௌபஜாரின் கதவு மறுபடி மூடிக்கொள்ளும். ராமனுக்குப் பணம் குறையவில்லை, புகழும் வரத் தொடங்கியிருந்தது. இல்லாதது நேரமும், நிலையாகக் கால் ஊன்ற ஓர் இடமும்.

*

அந்த இடத்தைக் காட்டியவர் ஆசுதோஷ் முகர்ஜி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்; தாமே கணிதம் கற்றவர். தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்ற இரு வழக்கறிஞர்களின் பெருங்கொடையைக் கொண்டு ஓர் அறிவியல் கல்லூரியைத் தொடங்கினார். பாலித் பெயரால் அமைந்த இயற்பியல் பேராசிரியர் இருக்கைக்கு அவர் தேர்ந்தெடுத்தது ராமனை.

அழைப்பில் இரண்டு முட்கள் இருந்தன. முதலாவது ஊதியம். கணக்குத் துறையில் பெற்றதில் ஏறத்தாழ பாதிதான் பேராசிரியருக்குக் கிடைக்கும். இரண்டாவது, வெளிநாட்டில் பயிற்சி பெறாதவர் இருக்கைக்கு வந்தால், முதலில் வெளிநாடு சென்று பயின்று வர வேண்டும் என்ற விதி. ஆக, வேலையை மாற்றுவதும் கடல் தாண்டுவதும் ஒரே கடிதத்தில் பிணைந்து வந்தன.

ஊதியக் குறைவை ராமன் ஏற்றார். கடல் பயணத்தை ஏற்கவில்லை. பயிற்சிக்கென்று வெளிநாடு போவதில்லை என்று உறுதியாகத் தெரிவித்துவிட்டார். இந்த நிகழ்ச்சியை ஒட்டி அவர் சொன்னதாகப் பல வீர வசனங்கள் உலவுகின்றன, அவற்றை விட்டுவிடுவோம். நடந்தது இதுதான்: அவர் இறங்கி வரவில்லை, ஆசுதோஷ் விதியை அவருக்காகத் தளர்த்தினார். 1914 மார்ச் 27ஆம் நாள் கல்லூரியின் அடிக்கல் நாட்டு விழாவில், வளமான அரசுப் பதவியைத் துறந்து குறைந்த ஊதியத்துக்கு வர இசைந்த ராமனின் துணிவை ஆசுதோஷ் மனமாரப் பாராட்டினார். ராமன் பொறுப்பேற்றதோ 1917 ஜூலையில்.

அந்த அடிக்கல் விழாவுக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, மார்ச் 17ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் சீனிவாச ராமானுஜன் இருந்தார். ராமனைவிட ஓராண்டுகூட மூத்தவரல்லர். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் எழுத்தராக இருந்து, 1913 மே மாதம் முதல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகையில் பல்கலைக்கழக ஆய்வாளராக மாறியவர். கேம்பிரிட்ஜுக்கு வரும்படி ஹார்டி விடுத்த முதல் அழைப்பை அவரும் மறுக்கத்தான் செய்தார். கடல் கடப்பது அக்குடும்பத்தின் ஆசாரத்துக்கு ஒவ்வாதது. நாமகிரித் தாயார் கனவில் வந்த பிறகே அன்னையார் இசைந்தார் என்று சொல்லப்படுகிறது. 1914இல் சென்னைக்கு வந்த நெவில், அவர் மனம் மாறியிருப்பதைக் கண்டார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை ஏற்பாடாயிற்று.

ஒரே மாதத்தில் ஒருவர் போனார், ஒருவர் மறுத்தார். போனவர் 1918இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராகி, 1919இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். மறுத்தவர் எண்பத்திரண்டு வயது வரை வாழ்ந்தார். இதிலிருந்து 'போகாதே' என்ற நீதியைப் பிழிந்தெடுப்பது எளிது, அது பிழையும்கூட. ராமானுஜனின் நோய் காசமன்று, சென்னையில் இருந்தபோதே பற்றிய குடல்நோய் கல்லீரலைத் தாக்கியதாக இருக்கலாம் என்று 1990களில் மருத்துவ ஆய்வு ஒன்று வாதிட்டது. அதைவிட முக்கியமானது வேறு. ராமானுஜனின் குறிப்பேடுகளை வரிவரியாகப் படித்து, 'இது சரி, இதற்கு நிறுவல் எங்கே?' என்று இணையாக நின்று கேட்கக்கூடிய வாசகர் அன்று சென்னையில் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாசகர். அவர் கடலுக்கு அப்பால் இருந்தார். ராமனுக்குத் தேவைப்பட்டது நேரம். அது பௌபஜாரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது.

மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்துப் பார்ப்போம். அதே அறிவியல் கல்லூரியில் ராஷ்பிகாரி கோஷ் இருக்கைக்குத் தேர்வான தேவேந்திர மோகன் போஸ், 1914இல் பயிற்சிக்காகப் பெர்லின் சென்றார். சில மாதங்களில் உலகப்போர் மூண்டது. 1919 வரை அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. ராமனும் போயிருந்தால் இதே நிலையில் சிக்கியிருக்கக்கூடும். ஆனால் போர் வரும் என்பதை அறிந்தா ராமன் மறுத்தார்? இல்லை. பின்னால் நடந்ததைக் கொண்டு முன்னால் எடுத்த முடிவைப் புகழ்வது நமக்கு எளிது. முடிவெடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. தேவேந்திர மோகனும் வெறுங்கையோடு திரும்பவில்லை. முனைவர் பட்டத்தோடும், துகள்களின் தடம் காட்டும் முகிலறையை ஆளும் பயிற்சியோடும் வந்தார்.

*

தமிழ் படித்த நமக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் 'செலவு' என்றால் பயணம். பொருள் தேடப் பிரியும் தலைவன், புறப்படும் வேளையில் தலைவியின் முகம் கண்டு பயணத்தை நிறுத்துவதைச் 'செலவழுங்கல்' என்பார்கள். இதற்குத் தொல்காப்பியர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். அப்படி நிறுத்துவது போகாமலே இருந்துவிடுவதற்கன்று. தலைவியைத் தேற்றி ஆற்றுவித்து, பின்பு செல்வதற்கே என்கிறார் அவர்.

ராமன் செய்ததும் செலவழுங்கலே. 1921இல் அவர் கப்பலேறினார். பயிற்சி பெறும் மாணவராக அன்று. ஆக்ஸ்போர்டில் கூடிய பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குக் கல்கத்தாவின் பேராளராக. திரும்பும் வழியில் 'நர்குண்டா' கப்பலின் தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பு என்பது ராலே பிரபுவின் கூற்று. ராமன் கையிலிருந்த நிக்கல் பட்டகத்தின் வழியாக அந்த எதிரொளிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டு எழுதிய குறிப்பு, அவ்வாண்டு நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு சென்ற ஏழாண்டு உழைப்பு, 1928 பிப்ரவரி 28இல், கே.எஸ். கிருஷ்ணன் உடனிருக்க, ராமன் விளைவாக முடிந்தது. 1930இல் நோபல் பரிசு.

கடலை மறுத்தவருக்குக் கடலே கேள்வியைக் கொடுத்தது. அதற்கு விடை தேட அவருக்குச் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் காத்திருந்தது. கணக்கதிகாரியாகவே இருந்திருந்தால் அந்த நீலம் ஒரு பயணியின் வியப்போடு முடிந்திருக்கும்.

அதே 1930இல், ஜூலை மாதம், அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறை கப்பலேறியது. ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், பத்தொன்பது வயதில் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். தாயார் சீதாலட்சுமி கடுமையாக நோயுற்றிருந்த நேரம் அது. போகத் தயங்கிய மகனைப் போகச் சொன்னவரும் அந்தத் தாயாரே. 1931 மே மாதம் அவர் மறைந்தார். மகன் அருகில் இல்லை. 1983இல் வந்த நோபல் பரிசின் வேர், அந்தக் கப்பல் தளத்தில் விண்மீன்களைப் பற்றிப் போட்ட கணக்கில் இருக்கிறது. பயணம் என்ற பொருளில் வழங்கிய 'செலவு', இன்று பணத்தை இழப்பதைக் குறிக்கிறது. இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டே இருப்பதாக இந்த வரலாற்றைப் படிக்கையில் தோன்றுகிறது. போவதற்கு ஒரு விலை உண்டு. போகாமல் இருப்பதற்கும் உண்டு. இவர்களில் எவரும் விலையில்லாத வழியைத் தேடியவரல்லர்.

சில நாள் கழித்து அந்த மாணவரைத் தொலைபேசியில் அழைத்தோம். "அன்னிக்குச் சொன்னதை மறந்துடுப்பா. உன் வேலைக்கு இப்போ எது குறைச்சலா இருக்கு? அதை மட்டும் யோசிச்சுப் பாரு. அது எங்க இருக்கோ அங்க போ. அது தாம்பரத்துல இருந்தாலும் சரி, ஜெர்மனியில இருந்தாலும் சரி" என்றோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "அப்படி யாருமே கேட்கலை ஐயா. எல்லாரும் எவ்வளவு தருவாங்கன்னுதான் கேட்டாங்க" என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டார்.

அவர் முடிவு எதுவாயினும், அதை ஊரறியச் சொல்லும் உரிமை நமக்கில்லை. முதலில் அவசரப்பட்டுச் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ள முடிந்ததே என்ற நிறைவு மட்டும் நமக்கு உண்டு.