சோனகத் தெரு: திரும்பி வந்தவர்களின் கணக்கு

யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குப் போய்வருகிற எங்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தின பேர் திரும்பி வந்திட்டாங்க?" என்பதுதான். நானும் பல வருடம் ஒரு எண்ணைத்தான் பதிலாகச் சொல்லிவந்தேன். வந்தவர்கள் ஆணா பெண்ணா, என்ன வயது என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றியபோது வயதும் பார்க்கவில்லை, பாலும் பார்க்கவில்லை. ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேர அவகாசம் தந்தார்கள். தொட்டில் பிள்ளை முதல் படுக்கையில் கிடந்த அப்பா வரை ஊர் முழுசாகப் பெயர்ந்தது. வடமாகாணம் முழுவதிலும் அப்படி வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள்.

திரும்புதல் அப்படி நடக்கவில்லை. 2002 யுத்த நிறுத்தத்தோடு ஏ-9 வீதி திறந்ததும் முதலில் போனவர்கள் உழைக்கிற வயது ஆண்கள். பழைய இரும்பு வாங்கினார்கள், தெருவோரம் கடை போட்டார்கள். வீடுகள் கூரையில்லாமல் கிடந்தன. பிள்ளைகளின் படிப்போ புத்தளத்தில். அதனால் பெண்களும் பிள்ளைகளும் அங்கேயே தங்கினார்கள். தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஆண்கள் விடுதியிலும் குடும்பங்கள் தூரத்துக் கிராமங்களிலும் வாழ்ந்த கதைதான் இதுவும். அங்கே சட்டமே குடும்பத்தைப் பிரித்தது. இங்கே கூரையில்லாத வீடு பிரித்தது.

வாப்பா சொல்வார்: "ஆம்பிளையள் வந்தா கடை திறக்கும். பொம்பிளையளும் புள்ளையளும் வந்தாத்தான் மதரஸா திறக்கும்."

1981 கணக்கெடுப்பில் யாழ் மாவட்ட முஸ்லிம்கள் பத்தாயிரத்துக்கும் மேல். 1991 இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை; 2001 இல் யாழ்ப்பாணத்தில் அதை முழுமையாக நடத்த முடியவில்லை. 2012 இல் எண்ணியபோது இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டினோம். இடையில், பதிவை யாழ்ப்பாணத்துக்கு மாற்றி, வீட்டுத் திட்டத்துக்குக் காத்திருந்து, அலுத்துப் புத்தளத்துக்கே போன குடும்பங்கள் பல. இவர்கள் 'வரவிரும்பாதவர்கள்' அல்லர், வீடு கிடைக்காதவர்கள். வெறும் தலைக்கணக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊர். ஆகவே எங்கள் பள்ளிவாசல்களிடம் ஒரு வேண்டுகோள்: ஜமாஅத் பதிவேட்டில் குடும்பத் தலைவரின் பெயரோடு நிறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும், இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். வீடும் பாடசாலையும் கேட்டுப் போகும்போது கையில் அந்தக் கணக்கு இருக்கட்டும்.