கப்பல் வராத நாளின் கூலி

வடசென்னையின் ஒப்பந்தக் கூலிமுறையை நியாயப்படுத்துகிறவர்கள் முதலில் துறைமுகத்தைத்தான் காட்டுவார்கள். ஒரு நாள் நான்கு கப்பல் வரும், ஒரு வாரம் ஒன்றும் வராது. இதற்கு நிரந்தர ஆள் எப்படி வைப்பது, மேஸ்திரி மூலம் அன்றன்றைக்கு எடுப்பதுதானே முறை என்பார்கள். ஆனால் இந்த முறையை வளர்த்ததில் கடலைவிடச் சட்டத்துக்குப் பங்கு அதிகம். 1859-இன் ஒப்பந்த மீறல் சட்டம் முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்காகவே வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம்வரை சிறை. முதலாளியின் முன்பணத்துக்குக் குற்றவியல் சட்டமே காவல் நின்றது. கப்பல் வராத நாளில் தொழிலாளியின் வயிற்றுக்கு எதுவும் துணை நிற்கவில்லை. அந்தச் சட்டத்தை நீக்க 1925 ஆயிற்று.

மாற்று வழி இருந்ததற்குச் சான்றும் இதே துறைமுகத்தில் கிடைக்கிறது. துறைமுகக் கூலிகளைப் பதிவுசெய்து வேலையை முறையாகப் பங்கிட வேண்டும் என்று 1931-இல் ராயல் தொழிலாளர் கமிஷன் சொன்னது. 1948-இல் அதற்குச் சட்டம் வந்தது. 1950-களில் அரசு, தொழிலாளர், கப்பல் தொழில் தரப்பினர் மூவரும் அமர்ந்த சென்னைத் துறைமுகத் தொழிலாளர் வாரியம் வந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பாளர்களான ஸ்டீவடோர்கள் பதிவுபெற்ற ஆட்களை வாரியத்திடமிருந்து முறைவைத்து எடுத்தார்கள். கூலிக்கு மேல் லெவியும் கட்டினார்கள். வந்து நின்றும் வேலை கிடைக்காதவருக்கு வருகைப்படி உண்டு; மாதத்தில் இத்தனை நாளுக்கென்று உத்தரவாதக் கூலியும் உண்டு. கப்பல் வரத்து முன்புபோலவே ஏறி இறங்கியது. அந்தச் சுமை மட்டும் ஒரு குடும்பத்தின் தலையிலிருந்து இறங்கித் தொழில் முழுவதன்மீதும் பரவியது. லெவி ஏறிக்கொண்டே போயிற்று, கன்டெய்னர் வந்தபின் ஆள் மிகுந்தது என்ற எதிர்வாதம் வலுவானதே. ஆனால் எத்தனை ஆள் வேண்டும் என்பதைத்தான் கன்டெய்னர் மாற்றியது. வேலைக்கு வைத்த ஆளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் அந்தக் கப்பல் சாக்கும் செல்லாது. எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1970-இல்தான் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் நிறைவேறியது: ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம் தர வேண்டும், ஆண்டு முழுதும் நடக்கும் வேலையில் இந்த முறையை அரசு தடைசெய்யலாம் என்றது அது. 1972-இல் வருமான வரிச் சட்டத்தில் 194சி பிரிவு சேர்ந்து, ஒப்பந்தத் தொகையில் முன்கூட்டியே வரி பிடிக்கும் வழக்கம் வந்தது. சம்பளமாக இல்லாமல் ஒப்பந்தத் தொகையாக வரி பிடித்திருக்கிறோம், ஆகவே அவர் எங்கள் தொழிலாளி அல்ல என்று இன்றும் வாதிடுகிறார்கள். பணம் எந்தக் கணக்கில் போயிற்று என்பதற்குத்தான் வரிச்சீட்டு சாட்சி. வேலையை யார் ஏவினார், யார் மேற்பார்த்தார் என்று தொழிலாளர் சட்டம் கேட்கும். இதற்கு ஒரு தீர்ப்பு வழிகாட்டுகிறது. தாரங்கதாரா உப்பளத் தொழிலாளர்கள் உற்பத்தி அளவுக்குக் கூலி பெற்றவர்கள், உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொண்டவர்கள். ஆயினும் பாத்தி கட்டுவதிலிருந்து உப்பு எடுப்பதுவரை நிறுவனமே மேற்பார்த்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணூர் உப்பளங்களுக்கும் பொருந்தும் அளவுகோல் அது.

2001 என்ற ஒரே ஆண்டில் காற்று திசைமாறியது. தொழிலாளர் வாரியம் துறைமுகப் பொறுப்புக் கழகத்தோடு இணைந்து மறைந்தது. கம்பெனியாகப் பதிவான முதல் பெருந்துறைமுகம் எண்ணூரில் திறந்தது. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிடமாட்டார், ஒப்பந்தம் வெறும் போர்வை என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிலைநாட்ட வேண்டும் என ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 24 மாதத்தில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்கும் தமிழ்நாட்டின் 1981 சட்டத்தைக் கேட்டுப் போகிறவருக்கும் இதே சங்கடம்தான்: வருகைப் பதிவேடு, கேட் பாஸ், கூலிப் பட்டியல் எல்லாம் எதிர்த்தரப்பின் அலமாரியில் இருக்கின்றன. ஏடு யார் கையில் இருக்கிறதோ அவர்மீதுதான் மெய்ப்பிக்கும் பொறுப்பையும் சட்டம் வைக்க வேண்டும்.