பரப்பளவு எப்படி வேலையாகும்?

தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்று, இப்பொழுது நான்காம் படிவத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி, இயற்பியல் பயிற்சித் தாளோடு அண்மையில் என் இல்லம் வந்தாள். விசை – இடப்பெயர்ச்சி வரைபடம். "கோட்டின் கீழுள்ள பரப்பளவுதான் வேலை என்று மனப்பாடம் செய்துவிட்டேன் ஐயா. ஆனால் பரப்பளவு எப்படி வேலையாகும்?" என்றாள். "சூத்திரம் அப்படித்தான் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு முழுதும் அந்தப் பதில் என்னை உறுத்தியது. நல்ல விடை வரலாற்றில்தான் கிடைத்தது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரருகே ஜேம்ஸ் வாட்டும் மேத்தியூ போல்டனும் நீராவி இயந்திரத் தொழில் நடத்தினர். பழைய நியூகோமன் இயந்திரத்தைக் காட்டிலும் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்க முதலாளிகளிடம் கட்டணமாகப் பெற்றனர். ஆகவே இயந்திரத்தின் வேலையை அளப்பது அவர்களுக்குப் பாடநூல் கணக்கன்று, வயிற்றுப்பாடு!

1782இல் வாட் காப்புரிமை பெற்ற முறையில், பிஸ்டன் தன் வழியை முடிக்கும் முன்பே நீராவி நிறுத்தப்படும். உள்ளிருக்கும் நீராவி விரிந்து எஞ்சிய தூரத்தைத் தள்ளும். எரிபொருள் மிச்சம்தான், ஆனால் விசை வரவரக் குறைகிறதே! விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டுமென்றால், எந்த விசையைப் பெருக்குவது?

1796இல் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் இதற்கு வழி கண்டார். சுருள்வில் பொருத்திய ஒரு சிறு உருளை. அழுத்தத்திற்கேற்ப ஏறி இறங்கும் பென்சில். பிஸ்டனோடு சேர்ந்து நகரும் தாள். நீராவி தன் கணக்கைத் தானே வரைந்தது. அந்த வரைபடத்தை மெல்லிய பட்டைகளாக நறுக்கினால், ஒரு பட்டைக்குள் விசை ஏறத்தாழ மாறுவதில்லை. பட்டையின் உயரம் விசையைக் குறிக்கும், அகலம் சிறு தூரத்தைக் குறிக்கும். பெருக்கினால் அந்தச் சிறு தூரத்திற்கான வேலை. எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் பரப்பளவு. மாணவி கேட்டதற்கு விடை இதுவே. இக்கருவியை நெடுங்காலம் தொழில் இரகசியமாகவே வைத்திருந்தனர், 1822இல்தான் அச்சேறியது.

பிரான்சின் கோரியோலிஸ் 1829இல் 'வேலை' என்னும் சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தார். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதியை எடுத்தார். செய்த வேலையும் இயக்க ஆற்றலின் மாற்றமும் சமமாக நின்றன.

மறுவாரம் மாணவியை அழைத்துக் கட்டத்தாளில் வரையச் செய்தேன். சுருள்வில்லை 0.2 மீட்டர் அமுக்க, விசை சுழியத்திலிருந்து 10 நியூட்டனுக்கு உயர்கிறது. முக்கோணத்தின் பரப்பளவு 1 ஜூல். வில்லை விடுவித்தால் 0.5 கிலோகிராம் வண்டி நொடிக்கு 2 மீட்டர் வேகம் பெறும். கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தவள் நிமிர்ந்தாள்.

"உண்மையான வண்டி இவ்வளவு வேகம் போகாதே ஐயா, உராய்வு இருக்கிறதே?"

"அதற்கும் ஒரு கோடு வரை, அம்மா" என்று பென்சிலை அவளிடமே நீட்டினேன்.