காக்ளியர் கருவி: வடிவமைப்பின் சிக்கல்கள்

உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்து கேள்வித்திறனை இழந்தவர்களுக்கு, செவிநரம்பை மின்துடிப்புகளால் நேரடியாகத் தூண்டி ஒலியுணர்வு தருவது காக்ளியர் கருவி. காதுக்குப் பின்னே அணியும் ஒலிச்செயலி ஒலியை அலைவெண் பட்டைகளாகப் பிரித்து, தோலினூடாக வானொலி அலையாய் உள்ளே அனுப்பும். தோலுக்கடியில் பதித்த ஏற்பி அதை நத்தைச்சுருளுக்குள் (காக்ளியா) செருகிய மின்வாய்களுக்குப் பகிர்ந்தளிக்கும். 1961இல் லொஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் தொடங்கிய இம்முயற்சி, 1978இல் மெல்பேர்னில் கிரேம் கிளார்க் பல மின்வாய்க் கருவியைப் பொருத்தியதும் புதிய கட்டத்தை எட்டியது.

இயற்கைச் செவியில் ஏறத்தாழ 3,500 உள் மயிர்க்கலங்களும் 30,000 நரம்பிழைகளும் உள்ளன. இன்றைய கருவிகளில் இருப்பவை 12 முதல் 22 மின்வாய்களே. அப்படியானால் மின்வாய்களைக் கூட்டினால் போதாதா? போதாது. அவை மூழ்கியிருக்கும் திரவம் மின்னை நன்கு கடத்துவதால், ஒன்றின் மின்னோட்டம் பரவி அடுத்ததற்குரிய நரம்பிழைகளையும் எழுப்பிவிடுகிறது. 22 மின்வாய்கள் பொருத்தப்பட்டோரிலும் பெரும்பாலோரின் பேச்சறிதல் சுமார் எட்டு மின்வாய்களுக்கு மேல் உயர்வதில்லை. பிளேக் வில்சன் குழு 1991இல் வெளியிட்ட முறை, மின்வாய்களை ஒரே நேரத்தில் தூண்டாமல் மாறிமாறித் தூண்டியதாலேயே பேச்சறிதலைப் பெரிதும் உயர்த்தியது. ஆகவே மூலச்சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. மின்வாய்க்கும் நரம்புக்கும் இடையேயுள்ள இடைவெளியில்தான் இருக்கிறது.

நான்கு பட்டைகளே பேச்சை விளக்கப் போதும் என்று 1995இல் ராபர்ட் ஷனன் குழு காட்டியதை இதற்கு மறுப்பாகச் சொல்லலாம். ஆனால் அது சாதாரணச் செவியுடையோரிடம், அமைதியான சூழலில் கிடைத்த முடிவு. இரைச்சல் சேர்ந்தால் கூடுதல் பட்டைகள் தேவைப்படும். தமிழில் குறில் நெடில் வேறுபாடு ஒலிக்கும் கால அளவில் அமைந்திருப்பதால் கருவி அதை நன்கு கடத்தக்கூடும். லகர ளகர ழகர வேறுபாடோ உயர் அலைவெண்களின் நுண்ணிய இடமாற்றத்தைச் சார்ந்தது. மின்னோட்டப் பரவல் மங்கச்செய்வது அதையே.

உள்ளே பதித்த பகுதி பல்லாண்டுகள் உழைக்கவேண்டும். அதனால்தான் ஈரம் புகாத டைட்டேனிய உறையும், பிளாட்டினத்தையும் திசுவையும் காக்கும்படி மின்னேற்றம் சமன்செய்யப்பட்ட துடிப்புகளும் வந்தன. வெளிப்பகுதிக்கும் இதே கவனம் வேண்டும். இலங்கை மலையகத்தின் உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டங்களின் மூடுபனியும் மழையும் ஒலிவாங்கியையும் மின்கலத் தொடுமுனைகளையும் பாதிக்கும். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர இரைச்சலோ கருவியின் பலவீனத்தை அப்படியே வெளிக்காட்டும். இவை பராமரிப்புச் சிக்கல்களே, பொறியியல் அல்ல என்பது ஏற்கத்தக்கதல்ல. ஈரத்தைத் தாங்கும் உறை, இரைச்சலை வடிகட்டும் செயலி, நகருக்குப் பயணிக்காமலே துடிப்பளவுகளைத் திருத்தும் இணையவழி ஏற்பாடு மூன்றும் வடிவமைப்பாளர் எடுக்கவேண்டிய முடிவுகள். அமைதியான பரிசோதனை அறையில் பெறும் மதிப்பெண் கருவியின் தரத்தில் பாதியையே சொல்லும். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டுப் பிள்ளை மழைநாளில் வகுப்பறையில் ஆசிரியரின் சொல்லை விளங்கிக்கொள்கிறதா என்பதே முழு அளவுகோல்.