கம்பம் பள்ளத்தாக்கு: உணவும் உடல்நலமும்

தேனி மாவட்டத்தில், மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரணாக நிற்க, கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை இறங்கும் நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு. நடுவே முல்லையாறு ஓடுகிறது. நெல், வாழை, திராட்சை, தென்னை, காய்கறி என்று ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்று அறுவடையில் இருக்கும். ஆண்டிபட்டி, தேவாரம் பக்கத்து மேட்டு நிலங்களோ மழையை எதிர்பார்த்துக் கிடப்பவை. 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது.

ஓர் ஊரார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை நாக்கு முடிவு செய்வது கொஞ்சம்தான். தண்ணீரும், கூலியும், அடுப்படியில் நிற்கக் கிடைக்கும் நேரமும் முடிவு செய்வதுதான் மிகுதி. உணவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு, சாப்பிடுகிறவரின் அறியாமையைக் குறை சொல்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் கடந்த நூற்று முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் அந்தக் குறை எவ்வளவு பிழையானது என்று விளங்கும்.

தண்ணீரும் நெல்லும்

ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக் கடலுக்குப் போன ஆற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இன்று அந்தத் தண்ணீரில் இருபோகம் விளைகிறது. பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால், அவருக்காகவும் பொங்கல் வைக்கும் ஊர்கள் இங்கே உண்டு. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஓர் அணைக்காக அடுப்பு மூட்டிப் பானை ஏற்றும் வழக்கம் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

ஆற்றோரத்தில் அணைக்கு முன்பும் நெல் விளைந்தது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அன்றாடச் சாப்பாடு கேப்பை எனும் கேழ்வரகு, கம்பு, சோளம், குதிரைவாலி. நெல்லரிசி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் உரியது. வயதானவர்கள் பேச்சில் ‘நெல்லுச்சோறு’ என்ற சொல் இன்னும் இருக்கிறது. ‘சோறு’ என்றால் எந்தத் தானியத்தின் சோறு என்று கேட்க வேண்டியிருந்த காலத்தின் சொல் அது. இன்று யாரும் கேட்பதில்லை.

கால்வாய்த் தண்ணீர் தொடங்கி வைத்த மாற்றத்தைப் பசுமைப் புரட்சிக் காலத்துக் குறுகிய கால நெல் ரகங்களும், தவிட்டை முழுக்க நீக்கி வெள்ளையாக்கித் தரும் அரிசி ஆலைகளும், ரேஷன் கடையும் முழுமையாக்கின. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் இலவசம். மேட்டாங்காட்டில் மழை பொய்த்தால் பட்டினி என்றிருந்த குடும்பங்களுக்கு அந்த அரிசி எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பசி அறியாதவர்கள் எடை போட முடியாது. அரிசியைப் பழிக்கும் எந்தப் பேச்சும் அந்த நிம்மதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேப்பைக் களி

களி கிண்டுவது உடம்பு நோகும் வேலை. உலை கொதிக்கும்போது உப்புப் போட்டு, கேப்பை மாவைக் குவியலாகக் கொட்டி, மேல்மாவு நனையும் வரை கிளறாமல் விட வேண்டும். பிறகு பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் சுற்றிச் சுற்றிக் கிண்ட வேண்டும். ஒரு கட்டி தங்கினாலும் உள்ளே பச்சை மாவு நிற்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டி எடுத்து, நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்போ, மொச்சைக் குழம்போ, பருப்புக் கடைந்த கீரையோ ஊற்றுவார்கள். மென்று தின்றால் களி தொண்டையில் சிக்கும். குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

100 கிராம் கேழ்வரகில் 340 முதல் 360 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதே அளவுக்குப் பத்து மில்லிகிராம் அளவுதான். கம்பில் இரும்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு. இத்தானியங்களில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அந்தச் சத்துகளை உடம்பு முழுமையாக எடுத்துக்கொள்ள விடாது. மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சும் பழைய வழக்கம் அதைக் குறைக்கிறது. முளைகட்டிய கேப்பையை அரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதும் அப்படியே.

இதற்காகச் சிறுதானியத்தை மருந்தாக்கிவிடக் கூடாது. மாவாக அரைத்துக் காய்ச்சிய கேப்பைக் கஞ்சி இரத்தச் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். அந்தக் காலத்துக் களி உருண்டை பெரியது. அதைச் சாப்பிட்டவர் நாள் முழுக்கக் கமலை இறைத்தார், களை வெட்டினார். உணவும் உழைப்பும் ஒன்றுக்கொன்று கணக்குத் தீர்த்துக்கொண்டன. இன்று உழைப்பின் பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

விளைவதும் விற்பதும்

பள்ளத்தாக்கின் பெயர் பெற்ற பயிர் பன்னீர்த் திராட்சை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் வட்டாரத்துப் பந்தல்களில் ஆண்டு முழுவதும் காய்க்கும் இந்த ரகத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோலோடும் விதையோடும் மென்று தின்றால் நல்ல பழம். சாறாக்கிச் சர்க்கரை கலந்து குடித்தால் நார்ச்சத்து போய் இனிப்பு மட்டும் மிஞ்சும். பந்தலில் ஈரம் தங்குவதால் பூஞ்சை நோய்களுக்கு அடிக்கடி மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. எனவே நன்றாகக் கழுவாமல் உண்பது சரியில்லை. மருந்தடிக்கிறவரின் மூச்சும் தோலும் இந்தப் பழத்தின் விலையில் சேராத செலவு.

இதைவிட வியப்பானது முருங்கையின் கதை. பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை, விதை போட்ட ஆறு மாத அளவில் காய்க்கத் தொடங்கும். அந்தப் பெயரில் உள்ள மூன்றெழுத்தும் பெரியகுளத்தைக் குறிப்பவை. ஆப்பிரிக்காவிலும் இந்த விதையை நட்டிருக்கிறார்கள். ஆண்டிபட்டி பக்கத்துக் காய்ந்த நிலங்களுக்கு அது கைகொடுத்தது; காய் லாரி ஏறிப் போகிறது.

காய்க்காக வளர்க்கும் அந்த மரத்தின் பெரும்பேறு இலையில் இருக்கிறது. 100 கிராம் பச்சை இலையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், சுமார் 100 மில்லிகிராம் வைட்டமின் சி-யும், 6 கிராம் புரதமும் உண்டு. ஆனால் உருவ நேரமாகும் கீரை அது. கொப்பை முந்தின இரவே துணியில் இறுகச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் உதறும்போது இலைகள் தாமாக உதிரும் என்பது இங்குள்ள பெண்கள் அறிந்த உபாயம். அந்த உபாயத்தையும் செய்ய நேரமில்லாத வீட்டில், கொல்லையில் முருங்கை தழைத்து நின்றாலும் வெஞ்சனம் அப்பளமாகத்தான் இருக்கும்.

சின்னமனூர் பக்கத்து வாழையும், போடியில் ஏலம் விடப்படும் ஏலக்காயும், வடுகபட்டிச் சந்தைக்கு வரும் கொடைக்கானல் மலைப்பூண்டும் இதே கணக்கில் வருபவை. சத்தும் மணமும் உள்ள பொருள்கள் கைமாறி வெளியூர் போகின்றன. விற்ற காசில் வீட்டுக்கு வருவது அரிசியும், எண்ணெயும், பாக்கெட் தின்பண்டமும்.

ஜீப்பு கிளம்பும் நேரம்

போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பக்கத்து ஊர்களிலிருந்து நாள்தோறும் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கி ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிப் பாதைகள் வழியே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் ஜீப்பு கிளம்பிவிடும். அதற்குள் சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தனக்குத் தூக்குவாளியில் கட்டியாக வேண்டும். மூன்றரை நான்கு மணிக்கு எழுந்திருக்கிற ஒருத்தி களி கிண்டவோ கீரை ஆயவோ முடியாது. சோறும் ஒரு குழம்பும் ஆகும், மிஞ்சினால் ஊறுகாய். காலைச் சாப்பாடு பல நாள் தோட்டத்துக்குப் போன பிறகுதான். மலைக் குளிரில் சாப்பிட்ட கையோடு ஒரு தேநீரும் உண்டு.

அந்தத் தேநீரைக் கவனிக்க வேண்டும். தேயிலையில் உள்ள டானின், உணவிலிருக்கும் இரும்புச்சத்தைக் குடல் ஏற்காதபடி பிணைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டாலே நிலைமை மாறும். கூடவே ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பை உடம்பு இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல் என்கிறது இந்த எண். ஏலச்செடிகளுக்கு நடுவே நாள் முழுதும் குனிந்து காய் பறிப்பவளின் மூச்சுவாங்கலை ‘வேலைக் களைப்பு’ என்று தள்ளிவிடுகிறோம். அது இரத்தமின்மையாக இருக்கலாம் என்ற எண்ணமே வருவதில்லை.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கம்பத்திலோ தேவாரத்திலோ இறங்கி, பிள்ளைகளுக்குப் பரோட்டாவும் சால்னாவும் பொட்டலம் வாங்கிப் போவது அந்தக் களைப்பின் முடிவு. அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்தியமும் படையலும்

பெண் பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் கருவாடும். காய்ச்சலுக்கு அரிசிக் கஞ்சி. வெயில் காலத்தில் சின்ன வெங்காயத்தோடு பழைய சோறும் நீச்சத்தண்ணியும். புரதமும், கொழுப்பும், உப்பும், தண்ணீரும் எப்போது வேண்டுமோ அப்போது தரும் ஏற்பாடுகள் இவை. கம்பம், உத்தமபாளையம் இராவுத்தர் குடும்பங்களின் நோன்புக் கஞ்சியும் இந்த வரிசையில் வைக்கத் தக்கது. அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த அந்தக் கஞ்சி, நாள் முழுதும் காய்ந்த வயிற்றுக்கு இதமாக இறங்கும். பள்ளிவாசலில் சாதி மதம் பாராமல் வாங்கிப் போவதும் வழக்கம்.

மரபில் கேடும் உண்டு. பிரசவித்தவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும், கர்ப்பிணிக்குச் ‘சூடு’ என்று சொல்லிப் பல பழங்களை மறுப்பதும் தாயையும் சேயையும் வருத்துகிற வழக்கங்கள். ஆண்களும் பிள்ளைகளும் உண்டு முடித்தபின் அடிச்சட்டியில் மிஞ்சியதைப் பெண் உண்பது எந்தப் பத்திய நூலிலும் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட இறுகிய மரபு. இரத்தசோகைக் கணக்கில் அதற்கும் பங்குண்டு.

மலைமேல் வாழும் பளியர் பழங்குடியினர் காட்டுக் கிழங்கும் தேனும் கீரையும் தேடி உண்டவர்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் போய்வருவது அரிதாகும்போது கிழங்கின் இடத்தை ரேஷன் அரிசி பிடிக்கிறது. கீழே நூறாண்டில் நடந்த மாற்றம் அவர்களுக்கு ஒரு தலைமுறைக்குள் நடக்கிறது.

சர்க்கரை

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். அதற்கு மூன்றாண்டு முன், 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டோரைச் சராசரி ஒன்பதரை ஆண்டு தொடர்ந்து கவனித்த ‘பியூர்’ ஆய்வின் முடிவு ஒன்று வந்தது. நாளொன்றுக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல். தெற்காசியாவில் அது 61 சதவீதம் கூடுதல். 450 கிராம் சோறு என்பது வயல் வேலை செய்பவர் ஒரே வேளையில் உண்ணக்கூடியது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வந்த அதே வீட்டுக்கு ரேஷனில் அரிசியும் பாமாயிலும் வருகின்றன. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். ஆண்டிபட்டி, போடி வட்டாரங்கள் அப்படி ஓர் ஏற்பாட்டுக்கு எல்லா வகையிலும் தகுதி உள்ளவை என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாடு

1982இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்த எம்.ஜி.ஆர்., 1984 தேர்தலில் வென்றது ஆண்டிபட்டித் தொகுதியில். அந்த மதியச் சாப்பாட்டில் பின்னாளில் முட்டை சேர்ந்தது. பல வீடுகளில் பிள்ளைகளுக்கு நிச்சயமாகக் கிடைக்கும் விலங்குப் புரதம் அதுதான்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. தொட்டுக்கொள்ளக் காய்கறிச் சாம்பார். வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தில் சமைக்கலாம் என்பதும் திட்டத்தில் உண்டு. கூடலூரிலும் தேவாரத்திலும் அந்தத் தட்டுக்கு முன்னால் பிள்ளைகள் உட்காரும்போது, அவர்களில் பலருடைய அம்மாக்கள் ஏற்கெனவே மலையேறி, தோட்டத்து ஓரத்தில் தூக்குவாளியைத் திறந்திருப்பார்கள்.