பறிபோன பட்டம்

மார்கழிக் குளிர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஏற்காட்டு ஏரி உறைவதில்லை. அதன் கரையில் உட்கார்ந்து நான் பனிக்கட்டிமேல் ஆடும் ஹாக்கியைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். காரணம், என் தங்கை மகன். கல்லூரியில் ஹாக்கி ஆடுகிறவன். "மாமா, இந்த மட்டையால் ஒரு காசாவது வருமா?" என்று நேற்றுக் கேட்டான்.

அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் கதையைச் சொன்னேன். 'மூன்றாம் பிரிவு' என்று அவற்றுக்குப் பெயர். ஆட்டத் திறமைக்கென்று அங்கே உபகாரச் சம்பளம் கிடையாது. ஆயினும் 1984-இல் ஆடவர் பனி ஹாக்கிக்குத் தேசியப் பட்டப் போட்டி பிறந்தது. முதல் வெற்றி பாப்ஸன் கல்லூரிக்கு. 1995 முதல் 1999 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது, வெர்மான்ட் மலைநாட்டு மிடில்பரி.

என் மனத்தில் நிற்பது பிளாட்ஸ்பர்க். 1987-இல் வென்றார்கள். விதி மீறப்பட்டதென்று அந்தப் பட்டம் பின்னால் ரத்தாகிவிட்டது. அதற்காக மட்டையை வீசி எறிந்தார்களா? இல்லை, 1992-இல் மறுபடி வென்றார்கள்.

"காசு வராதடா. பட்டம்கூடப் பறிபோகலாம். ஆடிய ஆட்டத்தை யார் பறிப்பார்கள்?" என்றேன்.

மருமகன் பதில் சொல்லவில்லை. இன்று விடியற்காலை, காப்பிகூடக் குடிக்காமல், மூடுபனியில் மட்டையோடு கிளம்பிவிட்டான்.